பரி பேணும் திருப்பணி

முக்கூடல்,
பரிதாபி வருஷம், ஐப்பசி.

சென்னைப் பட்டணத்து மிருக வைத்தியக் கல்லூரியில் வாசிக்கும் மருமகன் சிரஞ்சீவி ஞானசம்பந்தனுக்குத் தாய்மாமன் சிவசைலம் அநேக ஆசீர்வாதம். இங்கே உன் அம்மா பிரம்மநாயகி முதல் தொழுவத்துக் கன்றுக்குட்டி வரை சுகம். ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. அதை நான் ஒரே மூச்சில் நீந்திக் கடந்தபோது முதலைகள் எழுந்து நின்று வழிவிட்டன.

நிற்க. உலகத்தில் ஒருவரும் நம்பப் போகாத கதை ஒன்றை இப்போது சத்தியம் செய்து சொல்லப் போகிறேன். நீயும் நம்ப வேண்டாம்.

பெங்களூர்ப் பட்டாளத்துக் குதிரை லாயத்தில் ஆறு மாதம் தங்கி, கையால் தொட்டுத் தொழில் பழக இடம் கிடைத்திருக்கிறது, ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் யாராவது கைகொடுத்தால்தான் போக முடியும், தை பிறந்தால் இடம் வேறு ஆளுக்கு என்று எழுதியிருந்தாயே. அந்தக் காகிதத்தோடு பண்ணையார் சிவசண்முகம் பிள்ளையிடம் போனேன். வக்கீல் படிப்புக்குப் போன பையன்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர். உன் படிப்பைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார். சைவப் பிள்ளை குதிரை வயிற்றுக்குள் கையை விடுவதா என்றார். பிறகு மனம் இரங்கி, புஸ்தகத்தில் குதிரைப் படம் இருக்குமே, அதைத் தடவிப் பழகட்டும் என்று ஒரு யோசனையும் சொன்னார். நான் வாசலை விட்டு நகரவில்லை. என் தாடி வளர்ந்து அவர் வீட்டு முற்றத்தைப் பெருக்கிய பிறகுதான், சரி, எழுதிக் கொடும் என்றார்.

எழுதினேன். அவருக்குச் செந்தமிழ் என்றால் உயிர். குதிரை என்று எழுதினால் சாணி நாற்றம் அடிக்குமோ என்று பயந்து 'பரி' என்று போட்டேன். 'பணி' என்ற சொல் மொட்டையாக நிற்கிறதே என்று முன்னால் ஒரு 'திரு'வும் வைத்தேன். 'பரி பேணும் திருப்பணிக்குப் பொருளுதவி வேண்டி ஞானசம்பந்தன் விண்ணப்பம்.' உடனே உத்தரவாகிவிட்டது. நானும் உன் அம்மாவும் அன்றைக்குப் பாயசம் வைத்தோம்.

விஜயதசமிப் பரிவேட்டைக்குச் சாமி குதிரையேறிப் புறப்பட்டபோது விஷயம் விளங்கியது. உனக்கென்று உத்தரவான பணத்தில் கோயில் மரக்குதிரைக்கு வால் முதல் காது வரை புதுத் தங்க ரேக்கு ஒட்டியிருந்தார்கள். அந்த ஜொலிப்பில் பாபநாசம் மலை ஆந்தைகள் விடிந்துவிட்டதென்று தூங்கப் போயின. உன் பேரைச் சொல்லி உன் அம்மாவுக்கு விபூதிப் பிரசாதம் கொடுத்தார்கள். விவரம் தெரியாமல் அவள் மரக்குதிரையைக் கும்பிட்டு, என் பிள்ளையைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர் என்று அழுதாள்.

மறுநாளே போய்க் கேட்டேன். பண்ணையார் வெற்றிலையை மடித்தபடி, "சாமிக்குன்னு குடுத்தத திருப்பிக் கேக்கீரே, குடும்பம் வெளங்குமாவே?" என்றார். பரிக்கும் பரிவேட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை அவர். எனக்கே நாலு சொல்லுக்கு அர்த்தம் சொல்லித் தந்தவர். நான் வைத்த 'திரு' அவருக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான்.

இனிமேல்தான் கதை. போன வாரம் அவருடைய கோச்சு வண்டி வெள்ளைக் குதிரைக்கு வயிற்றுவலி. அது உருண்ட உருளலில் அம்பாசமுத்திரம் வரைக்கும் வீடுகள் ஆடின. யாரோ சொன்னார்களென்று சாராயமும் பெருங்காயமும் கலந்து மூக்கு வழியாக ஊற்றினார்கள். குதிரைக்காரன் அசன் மைதீன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பட்டுக்கரை வேட்டியோடு சாணியில் நின்ற பண்ணையார் என் பக்கம் திரும்பி, "ஒம்ம மருமகன் எங்கவே இருக்கான்? சட்டுனு வரச் சொல்லும்" என்றார்.

திருநெல்வேலிக்கே கேட்கும்படி கர்ஜித்தேன்: "மெட்ராஸ்ல படத்துக் குதிரையத் தடவிக்கிட்டு இருக்கான், அண்ணாச்சி." அந்தச் சத்தத்தில் பண்ணையார் வைக்கோல் போரில் போய் விழுந்தார். உச்சிவேளைக்குள் குதிரை செத்துவிட்டது.

மருமகனே, எனக்கும் வழியில்லை, உனக்கு அனுப்ப இங்கே ஒன்றுமில்லை. பெங்களூர் போனது போனதுதான். அதற்காகக் கல்லூரியை விட்டுவிட்டுத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. உன் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்ட என்னால் முடியாது. பாதிப் படிப்போ முழுப் படிப்போ, ஊர் திரும்பும்போது மிருக வைத்தியனாகத் திரும்பு. சிவன் உன் கையில் இருக்கட்டும்.

முதலை, தாடி, ஆந்தை, ஆடிய வீடுகள் எல்லாம் என் சரக்கு. கர்ஜித்ததும் அவர் போரில் விழுந்ததும் பொய். நாம் உழுவது அவர் வயல். லீவுக்கு வருவான் அண்ணாச்சி என்றுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஆனால் அவர் உன்னைத் தேடினார் பார், அந்தச் சின்ன இடம் உண்மை.

இப்படிக்கு,
உன் மாமன்
சிவசைலம்