புகையறையில் தொங்கிய சீனா

சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் ஒரு பக்கம் இருக்கு தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லியே சோற்றை ஆறவிட்ட என் பெரியண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் குத்தத்தைச் சொல்லிடுறேன். உங்க புத்தகம் அத்தனையையும் கொண்டுபோய், ஸ்டோர்ல ரப்பர் ஷீட் காயவைக்கிற புகையறையில தொங்கவிட்டேன் அண்ணே. ரெண்டு நாள். கீழே ரப்பர் விறகு எரிச்சு. யாரும் சொல்லிச் செய்யலை, நானேதான் செஞ்சேன்.

கோவம் வரும். வரட்டும். ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க. உசுரோட இருந்த வரைக்கும் நீங்க என்னை ஒரு வார்த்தை திட்டுனதில்லை. இப்பத் திட்டுனாலும் எனக்குச் சந்தோசந்தான்.

நீங்க போய் எட்டு மாசம் ஆச்சு. நீங்க பென்சன் வாங்கிக்கிட்டு வந்தப்ப தோட்டத்துல குடுத்த அந்தப் பழைய பிள்ளைக்காம்பரா அப்படியேதான் இருக்கு. ஒரு காலத்துல நம்மளைத் தொட்டில்ல போட்டுட்டு அம்மா வேலைக்குப் போன இடம். தொட்டில் கட்டுன வளையத்துக்குக் கீழே உங்க அலுமாரிகள். இடதுபக்கம் பொருளாதாரக் கோட்பாடு, வலதுபக்கம் சீனா. "தங்கச்சி, இந்தக் கேகாலைப் பக்கம் இப்படி ஒரு சீனா வேற எங்கயும் கிடையாது"ன்னு சிரிப்பீங்க. கேகாலையில பஸ் ஏறுற சனத்துக்கு அது எதுக்குன்னு நான் கேப்பேன். அதுக்கும் சிரிப்பீங்க.

நீங்க படிப்பிச்ச பல்கலைக்கழகத்து நூலகத்துல இருந்து போன மாசம் போன் வந்துச்சு. பேசுனவங்க பேரு ஃபரீனா. மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் பொண்ணு, தமிழ்லயே பேசுனாங்க. சனிக்கிழமை வேன் கொண்டு வந்து பார்ப்போம், நல்லா இருந்தா எடுத்துக்குவோம்னாங்க. ஒரே ஒரு கண்டிசன். "பூஞ்சணம் பிடிச்சீந்தா ஒண்டையும் எடுக்க ஏலாது அக்கா. எங்கட மத்தப் புத்தகத்துக்கும் பரவிரும்."

அப்பவே ஓடிப்போய் அலுமாரி அத்தனையையும் திறந்து பார்த்தேன். ஏன்னா நீங்க கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டது ஒன்னே ஒன்னு. "ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுறாத தங்கச்சி. கோட்பாடு ஒன்னு சொல்லும், சீனா ஒன்னு செய்யும். ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கணும். பிரிச்சா ரெண்டும் ஊமை." நானும் தலையை ஆட்டிட்டேன். தலையாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

புதன்கிழமை பின்னேரம் அடிச்ச காத்துல கூரைத் தகரம் ஒன்னு பிடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. சரியா வலதுபக்கத்து மேலே. நானும் உங்க மச்சானும் ஓடிப்போய்ப் படங்கை இழுத்து மூடுறதுக்குள்ள சீனா முழுக்க நனைஞ்சிருச்சு அண்ணே. மனுசர் என் வீட்டுக்காரர்தான், வேற நேரத்துல ஒரு வாளி தண்ணி தூக்கமாட்டாரு. அன்னிக்கு மடியில பிள்ளையைத் தூக்குற மாதிரித் தூக்கி வெளியே வச்சாரு.

வியாழன் காலையில திறந்து பார்த்தா அட்டை ஓரத்துல வெள்ளையா ஒரு தூள். இந்த ஊரு ஈரம் உங்களுக்குத் தெரியாததா? மழைக்காலத்துல காலையில கழட்டிப் போட்ட செருப்புல சாயங்காலம் பூத்திருக்கும். வெயில் இல்லை. சனிக்கு ரெண்டே நாள்.

அப்ப எனக்கு என்ன தோணும், சொல்லுங்க? முப்பது வருசமா நான் செஞ்ச வேலை என்ன? ஈர ஷீட்டைப் பூஞ்சணம் பிடிக்காம காப்பாத்துறது. அதுக்கு இந்தக் கையிக்குத் தெரிஞ்ச மருந்து ஒன்னுதான், புகை. ஷீட்டுக்கு ஆகுறது புத்தகத்துக்கு ஆகாதான்னு நெனச்சேன். நாலு நாளா மழைன்னு ரப்பர் பால்வெட்டு இல்லை, புகையறை காலியாக் கிடந்துச்சு. ஸ்டோர் ஐயா பண்டார மாத்தயா லீவுல இருந்தாரு. சாவி வாச்சர்கிட்ட. வாச்சர் யாரு? உங்க மச்சான்.

"ஏன்டி, என் வேலைக்கு உலை வைக்கப் போறியா?"ன்னாரு.

"அண்ணன் கேட்டது ஒன்னுதான்"னேன்.

மனுசர் சாவியை மேசையில வச்சுட்டு வெளிய போய்ச் சாக்கை எடுத்துக்கிட்டு வந்தாரு.

நனைஞ்சதை மட்டும் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது. எனக்குத்தான் புத்தி எக்கச்சக்கமாச்சே! ஒரு ஷீட்டுல பூத்தா கட்டு முழுக்கப் பூக்கும், அதனால நனையாத கோட்பாட்டுப் பக்கத்தையும் சேர்த்து மூங்கில் கம்புல விரிச்சுப் போட்டேன். முதுகு மேலே, ரெண்டு இறக்கையும் கீழே. சீனா ஒரு வரிசை, கோட்பாடு ஒரு வரிசை. விறகும் நனைஞ்சிருந்துச்சு. சூடு கொஞ்சமா, புகை நிறையா வந்துச்சு. பக்கத்துலயே குந்தியிருந்தேன். ஒரு பொறி மேலே போனா அவ்வளவும் சாம்பல் அண்ணே. செபமாலை சொல்ல ஆரம்பிச்சு எத்தனையாவது மணின்னு நாலு தடவை மறந்து போச்சு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறந்துச்சு. பண்டார மாத்தயா. லீவுல இருந்த மனுசருக்கு யாரு சொன்னாங்களோ. உங்க மச்சான் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு.

"மே மொனவத?" இது என்னன்னு கேட்டாரு. எனக்குச் சிங்களமும் வரலை, தமிழும் வரலை. "அபே அய்யாகே பொத்" எங்க அண்ணனோட புத்தகம்னு மட்டும் சொன்னேன்.

அவரு கம்புகளைப் பார்த்துக்கிட்டே கடைசி வரைக்கும் நடந்தாரு. ஒன்னை எடுத்தாரு. ஷீட்டைப் பார்க்குற மாதிரியே ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. "தாம வேலிலா நே." இன்னும் காயலைங்கிறாரு! அப்புறம், நாளைக்கு மழை விட்டா பால் வரும், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அறை காலியா இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்க மச்சான் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கிட்டாரு.

சனிக்கிழமை ஃபரீனா வந்தாங்க. வாசப்படியிலேயே நின்னுட்டாங்க. மூக்கு சுருங்குச்சு. உள்ள வந்து ஒன்னைத் திறந்தாங்க. தாள் எல்லாம் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி நிறம்.

"யா அல்லாஹ்! என்ன அக்கா செஞ்சீங்க?"

சொன்னேன். அவங்க முகத்தைப் பார்க்க முடியலை. ஒவ்வொன்னாத் திறந்தாங்க. பூஞ்சணம் இல்லை, அது மட்டும் உண்மை. ஆனா சீனத்துல இருந்து வந்த பளபளப்புத் தாள் புத்தகங்க இருக்கே, கணக்கும் வரைபடமும் போட்டதுங்க, அதுங்க நனைஞ்சு சூடு பட்டு, செங்கல் மாதிரி ஒட்டிப் போச்சு. அதை நான் வெள்ளிக்கிழமையே பார்த்தேன். பார்த்துட்டு உங்க மச்சான்கிட்டக்கூடச் சொல்லலை.

ஒட்டிப்போன ஒன்னைக் கீழே வச்சுட்டு ஃபரீனா சொன்னாங்க, "கோட்பாட்டுப் பக்கத்த மட்டும் கேட்டுப் பாக்கிறன் அக்கா. அதுல நிறந்தான் மாறியீக்குது. சீனப் பக்கம் கஷ்டம்."

எனக்குக் கோவம் வந்துருச்சு. அவங்க மேல இல்லை, என் மேலதான், ஆனா அவங்க மேல கொட்டிட்டேன். "அப்ப ஒன்னும் வேணாம்! வேனைத் திருப்புங்க!"ன்னேன். வாய் சொல்லிருச்சு. உள்ள பதறுது. வேன் நெசமாவே போயிட்டா நான் என்ன செய்வேன்?

பிரிச்சா என்ன குறைஞ்சு போகும்னு அவங்க பொறுமையாக் கேட்டாங்க. நான் ஓ லெவல் எழுதி இங்கிலீசுல விழுந்தவ. கோட்பாட்டைப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? சீன எழுத்து எனக்குக் கோழி கிண்டுன மண்ணுதான். ஆனா ஒன்னு தெரியும். உங்களுக்குக் கண் மங்குன கடைசி வருசம் பூரா எடுத்துக் குடுத்தது நான். மரத்துக்கு நம்பர் போடுற வெள்ளைப் பெயின்ட்ல நீங்க முதுகுல எழுதுன நம்பர்கள். "நாப்பத்தொன்னை எடு தங்கச்சி. இப்ப இருநூத்துப் பதினாலை எடு."

நாப்பத்தொன்னை எடுத்தேன். பெரிய தடியான கோட்பாட்டுப் புத்தகம். நீங்க அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி வச்ச பக்கத்தைத் திறந்தேன். ஓரத்துல உங்க பென்சில், 214. அப்புறம் எதிர்ப்பக்கத்துல போய் இருநூத்துப் பதினாலை எடுத்துக் குடுத்தேன். ஏதோ ஒரு சீனக் கிராமத்தைப் பத்தின இங்கிலீசுப் புத்தகம், சாதாத் தாள், ஒட்டலை. அதுல நூல் வச்ச பக்கத்துல, 41. ஃபரீனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிச்சாங்க. உதடு மட்டும் அசைஞ்சுச்சு.

"இன்னொண்டு காட்டுங்க."

அம்பத்தெட்டு, நூத்தித் தொண்ணூறு. ஏழு, முந்நூத்திரண்டு. கை தன்னால போகுது அண்ணே. நாலாவதா அவங்களே ஒன்னை எடுத்து, நம்பரைப் பார்த்து, எதிர்ப்பக்கம் போய்த் தேடி எடுத்தாங்க. அதுல உங்க கையெழுத்துல தமிழ்லயே மூனு வரி இருந்துச்சு. அதைச் சத்தமா வாசிச்சாங்க. "அப்பா வெட்டிய பால் இங்கே போயிற்று. இங்கிருந்து வந்த அரிசியைத்தான் நாங்கள் தின்றோம். விலையை வைத்தவன் எங்கள் இருவரையும் பார்த்ததில்லை."

சின்னதுல நாம திங்கிற அரிசி எங்கிருந்து வருதுன்னு நீங்க கேட்டதும், "நம்ம பால் போற ஊர்ல இருந்துடா"ன்னு அப்பா சொன்னதும் நம்ம வீட்டுக் கதை. இலங்கை ரப்பரைக் குடுத்துச் சீனாகிட்ட அரிசி வாங்குன காலம். அந்தக் கேள்விக்குத்தான் ஆயுசு பூரா இத்தனை புத்தகம் சேர்த்தீங்களா? ஏன் அண்ணே என்கிட்டச் சொல்லலை?

ஃபரீனா எல்லாத்தையும் வேன்ல ஏத்தச் சொன்னாங்க. ஆனா முடிவு அவங்க கையில இல்லையாம், பெரியவங்க சொல்லணுமாம். நிரப்பச் சொல்லி ஒரு ஃபாரம் நீட்டுனாங்க. சேதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம். "மழைன்னு எழுது, மழைதானே?"ன்னு உங்க மச்சான் காதுல சொன்னாரு. பொய்யும் இல்லை. பேனாவை வச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம், "மழை நனைத்தது. புகை போட்டது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனாலேயே வேண்டாம்னு சொல்லிட்டா? சொல்லட்டும். உங்க புத்தகத்தோட பொய்யையும் சேர்த்து அனுப்ப எனக்கு மனசு வரலை.

ஒரு கிழமை போன் வரலை. போனை இடுப்புல செருகிக்கிட்டே ஷீட்டு தொங்கவிட்டேன். உங்க மச்சான் தினமும் வந்து "இன்னும் இல்லையா?"ன்னு கேட்டு என் உசுரை வாங்குனாரு.

நேத்துத்தான் வந்துச்சு அண்ணே. "எல்லாத்தையும் வச்சிக்கிறம் அக்கா. ஒண்டா. ஒட்டிப்போனதையும் அதட நம்பர்லயே வைப்பம், இடம் வெறுமையா ஈக்கப்படாது." நான் அழுததுல அடுத்து அவங்க சொன்னது பாதி கேக்கலை. "ஆனா அந்த மணம் மட்டும் போகுதில்ல. காத்தாடி போட்டுப் பாத்தம், சன்னலத் திறந்து வச்சம். கதவத் திறந்தாலே புகை மணக்குது. இனிப் போகாதாம்."

போனை வச்சுட்டுத்தான் எனக்கு அது உறைச்சுச்சு. நீங்க ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க, சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. முதல் வருசம் அதே பல்கலைக்கழகத்துக்குப் போனப்ப, பக்கத்துக் கட்டில் பையன் மூக்கைப் பொத்திக்கிட்டானாம். மழைக்காலத்துல அம்மா உங்க சட்டையைப் புகையறைச் சுவருல காயப்போட்டு அனுப்புவாங்க. நீங்க அதைச் சவுக்காரம் போட்டுத் துவைச்சுத் துவைச்சே கிழிச்சீங்களாம். எவ்வளவு துவைச்சும் போகலைன்னீங்க.

அந்த மணத்தைத்தான் அண்ணே நான் உங்க புத்தகம் அத்தனைக்கும் ஏத்தி, அதே இடத்துக்கு அனுப்பி வச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்கன்னு எழுதிப் பார்த்தேன், பொய்யாத் தெரிஞ்சுச்சு, அடிச்சுட்டேன். ஒட்டிப்போன புத்தகங்களுக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க.

அடுத்த மாசம் நூலகத்துல உங்க புத்தகத்துக்குன்னு ஒதுக்குன அறையைத் திறக்குறாங்க. சுவருல மாட்ட உங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாங்க. உங்களைப் பத்தி எழுத எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான் எழுதத் தெரியும். அதனால இதையே குடுக்கப் போறேன், வாசிக்கிறவங்க வாசிக்கட்டும்.

நானும் வருவேன். காலையில ஸ்டோர்ல ஷீட்டு தொங்கவிட்டுட்டு, அதே சேலையோட பஸ் ஏறுவேன். அந்த அறையில எவனாவது மூக்கைப் பொத்தட்டும். இது யாரு வீட்டு மணம்னு எந்திரிச்சு நின்னு நான் சொல்லுவேன் அண்ணே. இந்தத் தடவை துவைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
நாப்பத்தொன்னையும் இருநூத்துப் பதினாலையும் எடுத்துக் குடுத்த கையோட,
உங்க கடைசித் தங்கச்சி ஸ்டெல்லா