தொலைந்த குழந்தையைத் தூக்கி வந்தவனுக்கு

தம்பி, கடைக்கு வெள்ளையடிக்கலாம் என்று இன்று காலை சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில், சோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால், கடுகெண்ணெய்ப் புட்டிகள். ஒன்றின் மூடி தளர்ந்து, கசிந்து, தட்டெல்லாம் பிசுக்கு. துணியால் துடைத்ததும் அந்தக் கார வாசம் மூக்கில் ஏறியது. உன் தலையில் எப்போதும் அடிக்கும் வாசம். ஸ்டூலிலிருந்து இறங்கி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மலையில், நாகலூர்ப் பக்கம் எந்தக் கடையிலும் அந்த எண்ணெய் கிடைக்காது. நீ கேட்டாய் என்பதற்காகத்தான் சேலத்திலிருந்து வரவழைத்தேன். "இது இல்லாட்டி உனக்குச் சோறு எறங்காதா கண்ணு?" என்று கேட்டேன். "எறங்கும். ஆனா ஊடு ஞாபகம் வராது" என்றாய். ஊடு என்ற சொல்லை அதற்குள் எங்களிடமிருந்து பிடித்துக்கொண்டிருந்தாய்.

முதல்முதலாக நீ என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு ஆள் இறக்கியிருந்தார்கள். நீ வந்து நின்று "தீதி, தீதி" என்றாய். நான் டீ கேட்கிறாய் என்று நினைத்து இரண்டு டம்ளர் டீ வைத்தேன். நீ விழித்துவிட்டு இரண்டையும் குடித்தாய். மறுநாளும் அதே கதை. பிறகு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்தான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க மேரி, அந்தப் பையன் உங்களை அக்கான்னு கூப்புடறானுங்க."

மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறிக்க நீ ஏறினால் கீழே நிற்பவர்கள் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வார்கள். மாலையில் என் கடை வாசலில்தான் உனக்கு சிக்னல் கிடைக்கும். மகளுக்கு வீடியோவில் பனிமூட்டத்தைக் காட்டுவாய். அவள் ஏதோ கேட்பாள், நீ சிரிப்பாய். "அப்பா ஏன் பொகைக்குள்ள நிக்கிறீங்கன்னு கேக்குது தீதி" என்று எனக்குத் தமிழில் சொல்வாய்.

அந்த வருடம் செல்போனில் ஒரு குரல் பதிவு ஊர் ஊராகப் பரவியது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள், கறுப்பாய், ஒல்லியாய் இருப்பார்கள், மிட்டாய் கொடுப்பார்கள் என்று. நாங்களும் கறுப்புதான், ஒல்லிதான். அதை யாரும் யோசிக்கவில்லை. பார்த்துப் போ என்று உன்னிடம் சொன்னேன். "எனக்கே ஒரு புள்ள இருக்குது. இன்னொண்ணு எதுக்கு?" என்று சிரித்தாய்.

எங்கள் கோயில் திருவிழா நாள். ஏற்காடு பார்க்க வந்த வண்டிகளும் நின்று நின்று போயின. யாருடைய குழந்தையோ, ரோஸ் கவுன் போட்ட சின்னப் பெண், சாலையோரம் அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். நீ தூக்கிக்கொண்டாய். என் கடையை நோக்கித்தான் வந்தாய். நான் கல்லாவிலிருந்தே பார்த்தேன். தீதியைக் கேட்டால் யார் பிள்ளை என்று தெரியும் என்று வந்திருப்பாய்.

பாதி வழியில் எங்கள் ஊர்ப் பையன்கள் உன்னை மறித்தார்கள். யார் குழந்தை என்று அதட்டியதும் உன் தமிழ் உன்னை விட்டுப் போய்விட்டது. உன் பாஷையில் வேகவேகமாக ஏதோ சொன்னாய். ஒருவன் குழந்தையைப் பறித்தான், அடுத்தவன் அடித்தான். நான் ஓடினேன். "நம்ம எஸ்டேட்டுப் பையன்டா, உடுங்கடா சாமிகளா" என்று கத்தினேன். தெரிந்த கைகள்தான் என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளின. சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையின் அம்மா அழுதுகொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "சொல்லுங்கம்மா, உங்க புள்ள தொலைஞ்சுதானுங்க போச்சு? அவன் எடுத்துக் குடுக்கத்தான் வந்தான், சொல்லுங்க" என்றேன். "ஆமாங்க, கூட்டத்துல கைய உட்டுட்டேன்" என்றாள். என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் கணவன், "நம்மளை இதுல இழுத்துவிடாதே" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான். அந்தக் கார் அதற்குப் பிறகு இந்த மலைக்கு வரவே இல்லை.

போலீஸ் ஜீப் வந்தபோது நீ உயிரோடுதான் இருந்தாய். உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் கும்பிட்டேன். "மொதல்ல இவன் யாருன்னு தெரியணும். ஆதார் எங்க?" என்றார் அதிகாரி. சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். "அக்யூஸ்டுக்கு வெளியாளு ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்று தடுத்தார்கள். நீ தண்ணீரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், விசாரித்து, அதற்கப்புறம்தான் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்றார்கள்.

உடலை வாங்க உன் அண்ணன் வந்தார். பிணவறை வாசலில் என்னைப் பார்த்து, செல்போனில் நீ அனுப்பியிருந்த என் படத்தையும் பார்த்து, "தீதி?" என்றார். தலையாட்டினேன். நடந்ததைச் சொல்ல எனக்கு அவர் பாஷை தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுவாரமே உன்னோடு வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கொஞ்ச நாள் நீ பெரிய செய்தி. மைக்கோடு வந்தார்கள், கரை வேட்டியோடு வந்தார்கள். உங்கள் ஆட்சியில்தான் இப்படி நடக்கிறது என்று ஒருவர், உங்கள் ஊரில் என்ன வாழ்கிறது என்று இன்னொருவர். உன் மகள் பேர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தேர்தல் முடிந்ததும் வேறு ஊரில் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டார். துறை விசாரணையில், காயம் முன்பே பட்டது, காலதாமதம் இல்லை என்று எழுதிவிட்டார்களாம்.

நான் சாட்சி சொன்னேன் தம்பி. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "செத்தவன் செத்துட்டான் மேரி. நம்ம பசங்க வாழ்க்கைய நெனச்சுப் பாரு. நொம்ப யோசிச்சுப் பேசு" என்றார்கள். மிரட்டவில்லை, கெஞ்சினார்கள். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கோர்ட்டுக்குப் போனேன்.

உன்னை அடித்தவர்களின் வக்கீல் கேட்டார்: "நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"போடுவனுங்க."

"அன்னைக்குப் போட்டிருந்தீங்களா?"

"இல்லீங்க. எங்கூர்ப் பசங்களை அடையாளம் தெரிய எதுக்குங்க கண்ணாடி? எங் கண்ணு முன்னால வளந்தவங்க."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் சொன்னதில் 'இல்லை' என்பது மட்டும்தான் கணக்கில் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்ற சாட்சிகள் எதையும் பார்க்கவில்லை என்றுவிட்டார்கள். ஊரே பார்த்த வீடியோவில் முகம் தெளிவாக இல்லையாம். எல்லாரையும் விட்டுவிட்டார்கள். அப்பீல் போக அரசாங்கம்தான் மனது வைக்க வேண்டும் என்றார்கள். மனு கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது அவர்கள் என் கடைக்குத்தான் வருகிறார்கள். வேறு எங்கே போவார்கள்? உன்னை முதலில் அடித்தவன் போன மாதம் தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். "அத்தை, பாப்பாவுக்கு ஒரு முட்டாய் குடுங்க" என்றான். அவன் முகத்தையே பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. பயமோ வெட்கமோகூட இல்லை. பிள்ளை கையை நீட்டியது. கொடுத்தேன். அது என்ன பாவம் செய்தது? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் மறுபடியும் ஆள் இறக்கியிருக்கிறார்கள். அதே ரயில், அதே பக்கத்து ஜனங்கள். சாயங்காலம் கடைக்கு வந்தவர்களில் மீசை அரும்பிய ஒருவன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கும் ஊரில் தங்கை இருக்கலாம். கன்னத்தைக் கிள்ளக் கையை நீட்டினான். நான் கல்லாவை விட்டுப் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"பச்சே கோ மத் சூனா" என்றேன். குழந்தையைத் தொடாதே.

ரைட்டரிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அவன் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டான். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். ஏன் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. உன் பாஷையில் பிழையில்லாமல் எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த ஒரு வரிதான், தம்பி. ஒவ்வொரு புது முகத்திடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.