குவியலில் கிடந்த பழம்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் வாய் தவறிவிடும், அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய பன்னிரண்டு மூட்டை காப்பிக்கொட்டையும் என் குடோனுக்கே திரும்பி வந்துவிட்டது. ருசி பார்க்க உட்கார்ந்த கம்பெனிக்காரர், முகர்ந்ததுமே கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "என்னங்க, புளிச்ச வாடை அடிக்குது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். மூட்டை தூக்கி, தரகு பார்த்து, இருபது வருஷத்தில் சேர்த்த பேர் எனக்கு. ஒரே வாயில் போச்சு.

தோலுரித்த கொட்டையைத் தொட்டியில் அளவுக்கு மேல் ஊறவிட்டுத் தூங்கிப்போனாயா? கூடப்பிறந்தவளாச்சே என்று பிரித்துப் பார்க்காமல் ஏற்றியது என் புத்தி. வேறொருத்தி என்றால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா?

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளையின் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

பறித்த அன்றே பழத்தின் தோலை உரிக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னது நீங்கள். உங்கள் உரிக்கும் மெஷினை இங்கே கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மைத்துனன் வீட்டு விசேஷத்துக்குப் போனதும் நீங்கள். எதற்குப் பூட்டு? எதிர்க்கடைக்குச் சரக்கு போடுகிறவன் எவனும் அதைத் தொட்டுவிடக் கூடாது, அதற்காகத்தானே? நன்றாகச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறித்த பழம், ரெண்டு நாள் குவியலில் கிடந்து, கை வைத்தால் சுட்டது. போன் போட்டேன். "ரெண்டு நாள்தானேம்மா, குடியா முழுகிடும்?" என்றீர்கள். முழுகித்தான் போச்சு.

ஒரே ஒரு கூடைப் பழத்தை அன்றைக்கே நானும் அவரும் விரலால் பிதுக்கி உரித்தோம். நகக்கண் வெந்துபோனது. சமையல் பானையில் ஊறவைத்து, கழுவி, கட்டிலில் பரப்பிக் காயவைத்தோம். அதில் ரெண்டு கிலோ இத்துடன் வருகிறது, மூட்டையில் கலக்காதது. குடித்துப் பாருங்கள். என் கை சரியில்லையா, உங்கள் பூட்டு சரியில்லையா என்று தெரியும்.

அடுத்த வருஷம் எங்கள் பழம் உங்களுக்கு இல்லை. அண்ணனாக வாருங்கள், சாப்பாடு உண்டு.

தங்கச்சி


மார்ச் 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். உன் அண்ணி பிடுங்கி வாசித்துவிட்டு, "இப்போ கிழிங்க. ஆனா இதுல எது பொய்னு சொல்லிட்டுக் கிழிங்க" என்றாள். எதுவும் பொய் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது.

அந்த ரெண்டு கிலோவைக் கம்பெனிக்காரரிடம் கொண்டுபோனேன். வறுத்து, பொடித்து, ஊற்றிக் குடித்தார். இன்னொரு தடவையும் ஊற்றச் சொன்னார். "இதுவும் அதே தோட்டமா?" என்றார். அதே தோட்டம்தான், கெடுத்தது நான் என்று அதே பத்துப் பேர் முன்னால் சொன்னேன். "அப்போ நடுவுல நீங்க எதுக்குங்க?" என்று சிரித்தார்.

உன் முகவரி கேட்டார். கொடுத்துவிட்டேன். மனசாரக் கொடுக்கவில்லை, பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் தோட்டத்துக்கு வருவார். நைசாகப் பேசுவார். முதலில் சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிடாதே. எந்த வியாபாரியும் முதலில் நியாய விலை சொல்லமாட்டான். உன்னிடம் நானும் சொன்னதில்லை.

அண்ணன்