ஷூவில் செம்மண்

ஐப்பசி 9, புதன் இரவு. வலியசாலை.

மலையாளி டாக்டருக்குச் சந்தோஷம். "பிரஷர் நல்லா குறைஞ்சிருக்கு. ரத்தக்குழாயும் இளகி வருது. காலை நடையை விட்டுராதீங்க, கேட்டோ" என்றார். தலையாட்டினேன். கூட நடந்த சேஷு செத்ததிலிருந்து நான் நடக்கப் போவதே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கான்வாஸ் ஷூவில் ஈரச் செம்மண். மனைவி கமலாவைக் கேட்டேன்.

"தினம் விடியறதுக்குள்ள எழுந்து போறேளே. யாரோடயோ பேசிண்டேதான் போறேள்."

எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு ஷூவைக் கழுவ எடுத்தேன். லேஸில் இறுக்கமான இரட்டை முடிச்சு.

குனிந்தால் எனக்குத் தலை சுற்றும் என்று சேஷுதான் அப்படிப் போட்டுவிடுவான்.