தினமும் பத்து நிமிடம் ஓட்டிய லேப்டாப்

கிரேஸ் அக்கா, என் தங்கமே,

உன் லேப்டாப் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வதென்று ஒரு வாரமாகத் தவித்தேன். சுற்றி வளைத்தால் "நேரா சொல்லுடா" என்று கத்துவாய். அதனால்தான் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

நர்ஸாக இருந்த நீயே நோயாளியாகப் படுத்த அந்தக் கடைசி மாதங்களில், உன் மகள் ஜெனிக்காக ஆறு பேச்சுகளை அதில் பதிவு செய்தாய். முதலாவது அவளுடைய பத்தாவது ரிசல்ட்டுக்கு. ஐந்தாவது கல்யாணத்துக்கு. ஆறாவது அவள் தாயாகும் நாளுக்கு. "அந்தந்த நாள்ல அவதான் மொதல்ல கேக்கணும். நீகூட தொறக்கக் கூடாது" என்று சொல்லி லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாய். நானும் பெரிதாகத் தலையை ஆட்டினேன்.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி வழக்கம் உனக்குத் தெரியும். ஆர்டர் இல்லாத நாட்களிலும் தையல் மிஷின்களைத் தினமும் பத்து நிமிடம் சும்மா ஓட்டுவோம், விட்டால் இறுகிவிடும். மெயின்டனன்ஸில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் வேறெப்படி யோசிப்பான்? உன் லேப்டாப்பையும் வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிடம் ஓட்டினேன். ஒரு மாதம் சும்மாதான் ஓட்டினேன், சத்தியமாக. அப்புறம் ஒரு நாள் உன் குரல் வேண்டும்போல் இருந்தது. திறந்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் கேட்டேன். ஆறையும். கடையில் கொடுத்தால் எவனாவது கேட்டுவிடுவான் என்று சி.டி.யில் காப்பி போடாமல் வைத்திருந்தவனும் நான்தான். இந்த அழகை என்னவென்று சொல்வது?

போன மாதம் உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. எண்ணெய் வற்றிய மிஷினும் ஆரம்பத்தில் இப்படித்தான் அடிக்கும், ஓட ஓடச் சரியாகும் என்று நினைத்து, பத்து நிமிடத்தை இருபதாக்கினேன். கடைசியில் நீலத் திரை வந்து அப்படியே நின்றுவிட்டது.

வேலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சலீம் பாயிடம் ஓடினேன்.

"சத்தம் வந்தப்புறம் எத்தினி நாள் ஓட்டுனீங்க?"

"தினமும்தான் பாய். ஓட்டலன்னா இறுகிடும்னு..."

"இன்னா சார் நீங்க! இது தையல் மிஷினா? உள்ள ஹார்டு டிஸ்க்ல ஊசி தட்டுமேல உரசிக்கினு இருக்குது. சத்தம் வந்த அன்னிக்கே ஆஃப் பண்ணியிருந்தா எல்லாத்தையும் எடுத்திருக்கலாம். ஓட்ட ஓட்டத்தான் சுரண்டிக்கினே போயிருக்கு."

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். ஒவ்வொன்றாகக் காப்பி ஆனது. நாலு வந்துவிட்டது. ஐந்தாவது பாதியில் நின்றது. ஆறாவது திறக்கவே இல்லை. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, "தட்டே கீறிடுச்சு சார். இனிமே யாராலயும் ஆவாது" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

ஜெனி எட்டாவது படிக்கிறாள். ஆறு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மறைக்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க கேட்டீங்களா மாமா?" அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"கேட்டேன்மா."

இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அப்பா சமாதானம் சொல்லியும் அசையவில்லை. நேற்று சர்ச் முடிந்து தானாகவே என்னிடம் வந்தாள்.

"கல்யாணத்துக்கு அம்மா இன்னா சொன்னாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"வரி தவறாம இருக்கு."

"இப்ப சொல்லாதீங்க. அன்னிக்குச் சொல்லுங்க."

உன் பிள்ளையிடமிருந்து திருடினேன் அக்கா. திருடியதால்தான் அந்த இரண்டும் மிச்சம் இருக்கின்றன. இதற்காக நீ என்னை அடிப்பாயா, மன்னிப்பாயா?

இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் பேச்சின் நடுவே நீ இருமிவிட்டுச் சிரித்த இடத்தை எப்படி எழுதுவது? எங்கே குரல் உடைந்தது, எங்கே சமாளித்தாய் என்பதெல்லாம் இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் பீடியை விட்டுவிட்டேன். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். அவள் பிள்ளை பெறும் நாள் வரைக்கும் நான் செத்துப்போக மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் சொல்லை மீறிய தம்பி,
ஆல்பர்ட்