குடும்பப் படத்துக்கு ஒரு லென்ஸ்

முதுநகர், கடலூர்
12.12.2010

கனியின் அம்மாவுக்கு,

தையில் நம் மகள் கனியின் கல்யாணத்தை நீயே படமெடுக்கப் போகிறாயாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு விலை குறைந்த வைடு லென்ஸ் எது என்று என்னிடம் கேட்கச் சொன்னாயாம். கனி சொன்னாள். எங்கள் பத்திரிகை போட்டோகிராபரிடம் விசாரித்தேன். பதினேழு-நாற்பது மில்லிமீட்டர் ஜூம் வாங்கு. விலை உயர்ந்ததைவிட வெளிச்சம் குறைவாகத்தான் வாங்கும், ஆனால் மண்டபத்தில் ஃபிளாஷ் போடும்போது அந்தக் குறை தெரியாதாம். குடும்பப் படத்தில் மட்டும் இருபத்துநாலுக்குக் கீழே போகாதே. ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள்.

சிதம்பரத்தில் நீ படமெடுத்த கல்யாணத்தில் நடந்ததையும் சொன்னாள். சின்ன சென்சார் கேமராவின் பழைய லென்ஸை இந்த ஃபுல் ஃப்ரேமில் மாட்டியதால் படத்தின் மூலைகள் கறுத்துவிட்டன. ஓரத்தில் நின்ற தாய்மாமன், "சீர் செஞ்சவன இருட்டுல நிக்க வச்சிட்டியேம்மா!" என்று எகிறினாராம்.

"தப்பு என்னுதுதான் மாமா. சீர்த்தட்டோட திரும்ப வாங்க, இந்த வாட்டி நடுவுல நில்லுங்க" என்றாயாம், அத்தனை பேர் முன்னால்.

முப்பது வருட நிருபர் வேலையில் நான் இரண்டு செய்திகளுக்குத்தான் திருத்தம் எழுதினேன், அதுவும் ஆசிரியர் அதட்டிய பிறகு. நீ ஸ்டுடியோ வைக்கக் கிளம்பிய அன்று நான் பேசியதற்கு இன்னும் திருத்தம் எழுதவில்லை. அந்த மாமாவுக்கு நீ சொன்ன பதிலை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "யாரு சார் அவுங்க?" என்றார்கள். "என் வீட்டுக்காரம்மா" என்றேன். அப்படிச் சொல்லி நான்கு வருடம் இருக்கும்.

குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் கேமராவை உன் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு வா. என் பக்கத்தில் இடம் வைத்திருப்பேன்.

கனியின் அப்பா