ஃபெயிலானது பிளான்ட் தண்ணீர் இல்லை

சத்துவாச்சாரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நவீன்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுதான் ஆறவில்லை. மஸ்கட்டில் நீயும் சௌமியாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதன்கிழமை போனில், "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரும்மா" என்றாயே, அப்போதே வாயைத் திறந்திருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்ததை முழுசாகக் கேள். போன மாதம் எங்கள் கழிவுநீர் பிளான்ட்டில் காற்று அடிக்கிற மிஷின் இரண்டு நாள் நின்றுபோனது. ஊர் முழுக்கக் கக்கூஸிலும் சமையலறையிலும் விடுகிற தண்ணீர் பெரிய தொட்டிக்கு வந்ததும், அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. காற்று இல்லையென்றால் அவை செத்துவிடும், அழுக்கு அப்படியே பாலாற்றுக்குப் போகும், கீழே இருக்கிற ஊர்களுக்கு அந்த ஆற்று மணல் கிணறுதான் குடிதண்ணீர். மெக்கானிக் அமீர் பாஷா சோறு தண்ணி பார்க்காமல் மிஷினைச் சரி செய்தார், பத்து நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி சாம்பிள் எடுக்க வந்த அன்று காலை நானே லேபில் பார்த்தேன், எல்லாம் அளவுக்குள் இருந்தது. அமீர் பாஷாகூட, "இன்னாக்கா, கண்ணாடி மாதிரி இருக்குது" என்றார். இன்ஜினியர் செல்வகுமாருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சுத்தம் செய்த தண்ணீர் ஆற்றுக்குப் போகிற வெளிவாய் வரைக்கும் அதிகாரி நடக்கமாட்டார், நாங்கள் நிரப்பி வைத்த பாட்டிலுக்கு சீல் போட்டு எடுத்துப்போவதுதான் வழக்கம். "எதுக்கும்மா ரிஸ்க்கு, ஆபீஸ் பின்னாடி போர்வெல் தண்ணிய புடிச்சி வச்சிடு" என்றார். நானும் பிடித்து வைத்தேன். அது என் தப்புதான், மறைக்கமாட்டேன்.

ரிசல்ட் வந்தது, ஃபெயில். உப்பு இரண்டு மடங்கு, குரோமியம் வேறு. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது. வீடுகளிலிருந்து வருவது காவிரிக் குழாய்த் தண்ணீர், அதில் உப்பு கம்மி. தோல் பதனிடுகிற ஷாப்புகள் எத்தனையோ வருஷமாக மண்ணில் விட்டதெல்லாம் அந்த போர்வெல்லில் ஊறிக் கிடக்கிறது. நாங்கள் சுத்தம் செய்த சாக்கடை பாஸ், பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் ஃபெயில்! இந்தக் கூத்து நம் பக்கத்தைத் தவிர வேறெங்கேயடா நடக்கும்? கடைசியில் மெமோ யாருக்கு? லேப் உதவியாளர் அமிர்தவள்ளி அஜாக்கிரதையாகச் சாம்பிள் எடுத்தாளாம். தெருவில் இப்போதே, "உங்க பிளான்ட்டு சும்மா பேருக்குத்தானே" என்று கேட்கிறார்கள். பதினோரு வருஷமாக அந்த நாற்றத்தில் நின்று நாங்கள் செய்த வேலைக்குக் கிடைத்த பேர் இது. நான் மன்னிப்பு எழுதினால் பாட்டிலில் இருந்தது பிளான்ட் தண்ணீர்தான் என்று ஆகிவிடும், போர்வெல்லைப் பற்றி ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

அந்த போர்வெல் தண்ணீரைத்தான் நாங்கள் பதினான்கு பேரும் தினமும் குடிக்கிறோம். ரிசல்ட் வந்த மறுநாளே இன்ஜினியர் ரூமுக்கு கேன் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் குழாயை மூடக்கூட ஆள் இல்லை. ஆற்றில் விடவே ஆகாது என்று சீல் வைத்துச் சொன்ன தண்ணீர், எங்கள் வயிற்றுக்கு மட்டும் ஆகுமா? யார் சொல்லி எந்தக் குழாயில் பிடித்தேன் என்று நேற்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கீழே அமீர் பாஷாவும் கையெழுத்துப் போட்டார். கான்ட்ராக்ட் வேலை, நாளைக்கே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அப்பா பயந்துபோய் இருக்கிறார், அவருக்குப் போன் செய்து தைரியம் சொல்லு, எனக்கு வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும். சௌமியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஒன்று மட்டும் மறக்காதே, அங்கே ஒருமுறை கிட்னி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடு. காலேஜ் லீவில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த போதெல்லாம் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் நீ குடித்தாய். டம்ளரில் பிடித்துக் கொடுத்தவள் நான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. அமிர்தவள்ளி